கழற்றி வைக்கக் கூடியது

பிளோவ்திவில், ஆற்றின் வடகரையில்,
டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் பல் கூடம்.
பதினேழு வருடமாகச் சட்டகம் செய்கிறேன்.
மிச்சமிருக்கும் பற்களைக் கவ்விப் பிடிக்கும்
மெல்லிய உலோக எலும்பு.
அதன்மேல்தான் இளஞ்சிவப்பு ஈறு, புதுச் சிரிப்பு எல்லாம்.

நவம்பரில் முதலாளி ஸ்பாஸ் சொன்னார்:
"ரதோஸ்தினா, உனக்குத்தான் கம்ப்யூட்டர் வருமே,
டாக்டர்கள் ஆர்டர் போட ஒரு வெப்சைட் கட்டு."
எனக்கு வந்தது எக்ஸெல் மட்டும்.
சம்பளத்தைக் கூட்டுவதாகவும் அதே மூச்சில் சொன்னதால்
நான் திருத்தவில்லை.

மகன் தூங்கியபின் வீடியோக்கள்.
அணுவைச் சின்னமாகக் கொண்ட பிரேம்வொர்க்,
கேடயம் ஏந்திய பிரேம்வொர்க்,
தீக்கொழுந்து ஒன்று.
பேசுகிறவர்கள் எல்லாருக்கும் பளீரென்ற பற்கள்
(ஒருவனுக்கு மேல்வரிசையில் நான்கு ஒட்டவைத்தவை).
இதைக் கற்றால் போதும், என்றார்கள்.
போன வருடம் எதைக் கற்றால் போதும் என்றீர்கள்
என்று கேட்க அங்கே பட்டன் இல்லை.

ஸ்பாஸின் அக்காள் மகன் இவைலோ, சோஃபியாவிலிருந்து:
"எதற்கு வேலை கிடைக்குமோ அதைப் படி."
எனக்கு வேலை இருக்கிறதே, இவைலோ.
"அப்படியானால் கோடிப் பேர் வந்தாலும் தாங்குவதை."
எங்களுக்கு மொத்தம் பத்தொன்பது டாக்டர்கள்.
அதில் ஒருவர் இன்னும் ஃபேக்ஸ்.

ஆழம் தெரியாமல் அணுவில் காலை விட்டேன்.
திரையில் 'வணக்கம்' என்று ஒரு வரி வந்தது.
அதற்கு மடிக்கணினியில் வந்து இறங்கிய கோப்புகள்
முப்பதாயிரம்.
ஒரு வணக்கத்துக்கு இத்தனை சீர்வரிசையா?

பாடம் நடத்தியவன் இரண்டு வர்ஷன் பின்னால் இருந்தான்.
அவன் அடித்ததை எழுத்துக்கு எழுத்து அடித்தேன்.
அவனுக்குப் பட்டன் வந்தது.
எனக்குச் சிவப்பு வந்தது.
கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும்
மூன்றாவது வீடியோ வரைக்கும் கூட வரவில்லை.
பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்
ஜனவரி முழுவதும்.
தொழில் தெரிந்தவள், செய்யக் கூடாததுதான்.

பிப்ரவரியில் டாக்டர் பெத்கோவா
ஒரு சட்டகத்தைத் திருப்பி அனுப்பினாள்,
பஞ்சில் சுற்றி, சீட்டு வைத்து:
'உன் கொக்கி இறுக்கம். நல்ல பல் ஆடுகிறது.'

ராவும்போது நினைத்துக்கொண்டேன்.
ஈறு சிவந்தால் நாங்கள் நோயாளியைத் திட்டுவதில்லை.
எங்கே அழுத்துகிறது என்று பார்ப்போம்.

அன்று இரவு எந்த வீடியோவையும் திறக்கவில்லை.
ஒவ்வொன்றின் கையேட்டையும் எடுத்து, பல்லிடம் கேட்பதைக் கேட்டேன்:
எதைக் கவ்வுகிறாய்?
பாரம் எந்தப் பல்லின் மேல்?
இரவில் உன்னைக் கழற்றி
டம்ளர் தண்ணீரில் போட முடியுமா?

அணு வேறு எதையோ பேசியது.
கேடயம் நீளமாகப் பேசியது.
சின்னமே இல்லாத ஒன்று, யாரும் பரிந்துரைக்காதது,
நாலாம் பக்கத்தில் எழுதி வைத்திருந்தது:
'எங்களை நீக்க விரும்பினால்.'
கீழே ஆறு வரி. அவ்வளவுதான்.

"அதை யாருமே உபயோகிப்பதில்லை," சிரித்தான் இவைலோ.
தெரியும். கேள்வி கேட்டால் பதில் வர
நான்கு நாள் ஆனது.
அந்த நான்கு நாளில் இரண்டு முறை
நானே கண்டுபிடித்தேன், ஒருமுறை தப்பாக.

ஏப்ரலில் ஒரு திங்கள், காலை ஆறு நாற்பது,
அடுப்பில் காபி பொங்கும்போது
முதல் ஆர்டர் வந்து விழுந்தது:
கீழ்வரிசை, இடது பக்கம், நிறம் ஏ-இரண்டு.
குறிப்புக் கட்டத்தில் பெத்கோவா:
'இம்முறை கொக்கியைத் தளர்த்தி.'

தேதியில் நாளும் மாதமும் இடம் மாறி நின்றன.
அடுப்பைத் துடைத்தேன்.
தேதியை மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம்.
மெழுகு இளகிக்கொண்டிருக்கும் இந்நேரம்.