பார்வை மகஜர்

இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுது.
அடித்தால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம்.
'பாவம்' என்று எழுதாதே.
போன தடவை இன்ஸ்பெக்டர் அதை மட்டும்
சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பியனுப்பினார்.

ஆகவே, 05.40.
கோரையாறு, சி வாய்க்கால் தலைப்பு.
ஆண் சடலம், பச்சைக் கட்டம் போட்ட கைலி,
வலது கைக்குள் மதகுச் சாவி.
வைரக்கண்ணு என்று அண்ணன் அடையாளம் காட்டினார்.
எப்படிக் காட்டினார் என்பது வேண்டாம்.

பின்தலையில் காயம்.
மண்வெட்டியால் என்று எழுதக் கூடாது.
மண்வெட்டி மூன்று மீட்டர் தள்ளிக் கிடந்தது,
எழுதலாம்.
அன்றைக்கு முறை மேலக்கரைக்கு;
அதைச் சொல்ல வேண்டியது பொதுப்பணித்துறை.

மதகு ஒன்றரைச் சாண் திறந்திருந்தது என்றேன்.
யாருடைய சாண், வக்கீல் கேட்பான் என்றார்.
டேப்போடு திரும்பிப் போனேன்:
முப்பத்திரண்டு சென்டிமீட்டர்.
ராத்திரி முழுக்க ஓடி, கடைமடையில்
அவர் நாற்றங்கால் கணுக்கால் தண்ணீரில்,
இல்லை, ஒன்பது சென்டிமீட்டர் தண்ணீரில்
நின்றது.

வரைபடத்தில் வடக்கு மேலே.
வாய்க்காலுக்கு இரண்டு கோடு,
தண்ணீருக்கு ஓர் அம்பு.

மதகை மூடச் சொல்லி
எந்த விதியிலும் இல்லை.
முழுசாகப் புரட்டிப் பார்த்துவிட்டேன்.