அறிவிக்கலாம்

லோதி சாலை, நான்காம் மாடி.
நண்பகலிலும் டியூப்லைட் எரிகிற அறையில்
வரைவு விதிகளைத் தமிழாக்குவது என் வேலை.
ஏழாம் விதி, உட்பிரிவு இரண்டு:
ஊடுருவல் தெரியவந்தால் நிறுவனம்
உரிய அமைப்புக்கு அறிவிக்கலாம்.

லாம்.
கல்யாணப் பத்திரிகை வாங்கிக்கொண்டு
பார்க்கலாம் என்போமே, அந்த லாம்.

முன்கோப்பு கேட்டேன்.
மீனா சாகேப் அலமாரியை உதைத்துத் திறந்தார்
(அது அப்படித்தான் திறக்கும்).
ஷாதராவில் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி.
போன நவம்பர், புகை மூட்டத்தில் ஓர் இரவு,
எல்லாத் திரையிலும் ஒரே வாக்கியம்:
பணம் கட்டு.
யாருக்கு எந்த மருந்து ஆகாது என்கிற பட்டியல்
பூட்டிய பெட்டிக்குள்.
நர்ஸ் ஷைனி குரியன்
தூங்குகிறவர்களை எழுப்பிக் கேட்டுக்கேட்டு
அவரவர் மணிக்கட்டில் பால்பாயிண்டால் எழுதியிருக்கிறாள்:
பென்சிலின் வேண்டாம்.
இந்தியில்தான் எழுதினாள். பெயர்த்துப் பார்த்தேன்.
எப்படிப் பெயர்த்தாலும்
தவிர்க்கலாம் என்று வரவில்லை.

விடிந்ததும் கடிதம் போட்டிருக்கிறார்கள்.
இது கணினி என்றது சுகாதாரம்.
இது குற்றம் என்றது கணினி.
எல்லை எங்களுடையதல்ல என்றது காவல்.
பார்த்தேன், பார்த்தேன், பேசவும், பார்த்தேன்;
பத்தொன்பது நாளில் ஒன்பது கையெழுத்து.
பதினோராம் நாள் காஜியாபாத்தில்
அதே பூட்டு, அதே வாக்கியம்.
அவர்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.
சொல்லலாம் என்றுதான் இருந்தது.

பென்சிலால் லாமை அடித்து
வேண்டும் என்று எழுதினேன்.
மீனா சாகேபுக்குத் தமிழ் தெரியாது,
அடித்தது தெரியும்.
மூலத்தில் இல்லாததை நீங்கள் வைக்கக்கூடாது, மேடம்.
சரிதான். அழித்தேன்.

பச்சைத் தாள் எடுத்தேன்.
எத்தனை மணிக்குள்? எந்த ஒரே வாசலில்?
அங்கே போனை எடுப்பது யார், ராத்திரியிலும்?
கேள்விப்பட்டதும் அடுத்த ஊருக்குச் சொல்வது யார்?
சொல்லாதவன் கட்டுவது எவ்வளவு?
நம் கட்டடமே உடைபட்டால்
நாம் யாரிடம் போய் நிற்க வேண்டும்?

கடைசி வரியில் அவர் விரல் நின்றது.
விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்த
தன் பாஸ்வேர்டுச் சீட்டைக் கிழித்துப்
பைக்குள் போட்டுக்கொண்டார்.
ஒன்றும் பேசவில்லை. கையெழுத்திட்டார்.

ஐந்து மணிக்குக் கோப்பு மேலே போனது.
எட்டு மேசை தாண்ட வேண்டும்,
ஆறாம் மேசைக்காரர் விடுப்பில் என்றார் லிஃப்டில்.
ஏழாம் விதியில் இன்னும் லாம்தான்.
நாளை எட்டாம் விதி.