மூன்று நானோ நொடி

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
கீழே பாலிஷ் மோட்டார் ஓடினால்
என் திரையில் புல் முளைக்கும்.
அதனால் இரவில்தான் வேலை.

ஆம்ப்ளிஃபயருக்கு இருபத்தெட்டு வோல்ட்.
அலை கத்தினாலும் முணுமுணுத்தாலும்
அதே இருபத்தெட்டு.
மிச்சமெல்லாம் சூடு.
எஸ்தர் ஒருநாள் ஹீட்சிங்கில்
தட்டுவடையை வைத்து மொறுமொறுப்பாக்கினாள்.
சிரித்தோம்.
கரண்ட் பில் வந்தபோது சிரிக்கவில்லை.

அலை எழும்போது எழு, தாழும்போது தாழ் என்று
சப்ளைக்குச் சொல்லித்தரவே எட்டு மாதம்.
அலை இருபது மெகாஹெர்ட்ஸ்தான்;
அதன் முகடுகளைத் தொட்டு வரைந்த கோடோ
அறுபதைத் தாண்டி விரிகிறது.
பாரம் சுமக்கிற ஸ்விட்சர் நிதானம்.
நுனிகளை எட்டுகிற லீனியர்
அவசரக்காரன், தீனியும் அதிகம்.
சேர்த்துக் கட்டினோம்.
வேகம் கிடைத்தது. ஆனாலும்
அலை போனபின் வந்து நின்றது வோல்ட்,
பந்தி முடிந்து வரும் சாம்பார் வாளி போல.

ஞாயிறு, ஏற்காடு பஸ்.
பதினோராம் கொண்டை ஊசி.
ஓட்டுநர் கியரைக் குறைத்தார்
வளைவில் அல்ல,
வளைவுக்கு முன்னே.
எஸ்தர் என் முழங்கையைக் கிள்ளினாள்.
ஏரியைக்கூடப் பார்க்காமல்
அடுத்த பஸ்ஸில் இறங்கிவிட்டோம்.

சிக்னலை மூன்று நானோ நொடி காக்கவைத்தோம்,
அவ்வளவுதான்.
கோட்டின்மேல் கோடு படிந்தது.
பக்கத்துச் சேனலில் சிந்தியதெல்லாம் வற்றியது.

ஹீட்சிங்கில் உள்ளங்கையை வைத்தேன்.
எடுக்கத் தோன்றவில்லை.
விடியும்வரை அதன்மேலிருந்த தட்டுவடையை
எஸ்தர் கடித்துப் பார்த்தாள்:
"நமுத்துப்போச்சு."