சாக்கு எடை

ஊட்டி ஓட்டலில் நேற்று எனக்கொரு கேடயம் கொடுத்தார்கள்.
பணியிட சமத்துவத்தின் முன்னோடி.
அதன் கீழே பொன்னெழுத்தில் அஞ்சுகம்,
நானே எனக்கு வைத்துக்கொண்ட பெயர்.
சம்பளப் புத்தகத்தில் ஏற
நான்கு வருஷமும் ஒரு வக்கீல் நோட்டீசும் கேட்ட பெயர்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த அதிகாரி
பிடித்த கையை விடாமல் குலுக்கினார்.
போட்டோக்காரர் இன்னொரு தடவை என்றார்.
இன்னொரு தடவை முன்னோடியானேன்.

பேசச் சொன்னார்கள்.
மைக்கில் என் குரல் எனக்கு முன்னால் ஓடி
கடைசி வரிசைக் காலி நாற்காலிகளில் மோதித் திரும்பியது.
நன்றி என்றேன். பஸ் போய்விடும் என்றேன்.
சிரித்தார்கள்.
நிஜமாகவே போய்விடும்,
கோத்தகிரிக்கு ஏழே காலை விட்டால் நடுங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

கட்டபெட்டு வளைவுகளில்
மடியில் கேடயம் ஒருபக்கமாகச் சரிந்துகொண்டே வந்தது.
வெளியே மூடுபனி, கண்ணாடியில் என் முகம் மட்டும்.
பேசியிருக்க வேண்டியதெல்லாம் அப்போதுதான் வந்து உட்கார்ந்தது.

நான் ஃபேக்டரியில் கொழுந்து நிறுப்பவள்.
சாக்குக்கு ஒரு கிலோ, மழைநாளில் ஈரத்துக்கு இரண்டு,
கழித்து எழுதுவது என் வேலை.
அதற்கு முன்னால் கழிக்கப்படுவதே வேலையாக இருந்தது.
விவசாயிகள் என்ன சொல்வார்களோ என்று
மானேஜரிடம் ஒரு சாக்கு.
மானேஜர் என்ன சொல்வாரோ என்று
விவசாயிகளிடம் ஒன்று.
வெறும் சாக்குதான். ஆனாலும் எடை இருக்கும்.

முதல் நாள் நான் எழுதிய சீட்டை வாங்கக்
கை நீளவில்லை. வரிசை நின்ற இடத்திலேயே நின்றது.
கட்டிவைத்த கொழுந்து உள்ளுக்குள் சூடேறிக்கொண்டிருந்தது.
நஞ்ச கவுடர் மூட்டையை இழுத்துவந்து தராசில் போட்டார்.
அன்பெல்லாம் இல்லை,
இன்னும் அரைமணி போனால் அவர் இலை சிவந்துவிடும்.
"எழுதும்மா, முப்பத்தாறு."
அந்த ம்மா வாய் தவறி விழுந்ததா
யோசித்து வைத்ததா,
இன்றுவரை நான் கேட்கவில்லை.

சல்லடைப் பக்கம் மரியபுஷ்பம்.
பெண்கள் கழிப்பறைச் சாவியை
சூப்பர்வைசர் தன் மேசையில் வைத்துக்கொண்டு
ஆள் பார்த்துக் கொடுத்த வாரம்,
எட்டு மணி நேரமும் தண்ணீர் குடிக்காமல் நான் நின்ற வாரம்,
சாவியை வாங்கினவள் திருப்பித் தரவில்லை.
கடைவீதிக்குப் போய் அறுபது ரூபாய்க்கு
இன்னொன்று வெட்டிவந்து
என் டிபன் டப்பாமேல் எறிந்தாள்.
"தொலைச்சேன்னா அடுத்தது ஓங்காசு."

இப்போதும் கோபம் வந்தால் டா போடுவாள்.
நானும் திருப்பி டா போடுவேன்.
மதியச் சங்கு ஊதினால்
ஒரே ஊறுகாய் பாட்டில்தான்.

விருதுப் படிவத்தில்
தலைமை தாங்கியவர் என்று ஒரு கட்டம் இருந்தது.
அவள் பெயரை எழுதினேன்.
ஆபீசில் அடித்துவிட்டு என்னுடையதை எழுதினார்கள்.
"அந்தம்மா சாதா லேபர்.
அதுவுமில்லாம உங்க ஆளும் கிடையாதே."

எங்க ஆள் யார் என்று
எனக்கே இன்னும் கணக்கு முடியவில்லை.

இன்று காலை முதல் லாரி வருவதற்குள்
கேடயத்தைத் தராசில் வைத்தேன்.
ஒன்றே முக்கால் கிலோ.
தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.
"ஈரத்துக்குக் கழிச்சியா?"

கழிக்கவில்லை.
மரியபுஷ்பம் என்று சீட்டில் எழுதி
முழு எடையும் போட்டு
கிழித்துக் கொடுத்தேன்.

கையைத் தள்ளிப் பிடித்து எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
இரண்டாக மடித்தாள்.
"அறுபது ரூவா இன்னும் பாக்கி" என்றபடி
உள்ளே போய் சுவிட்சைப் போட,
சல்லடை ஆட ஆரம்பித்தது.