மீட்டரில் பூஜ்யம்

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.
ஒஸ்திராவாவில், ஆறாவது மாடியில்,
நாங்களே ஒன்று செய்துகொண்டோம்.
நானூறு லிட்டர்.
உப்பு வாளியில் வரும். அலை மோட்டாரில் வரும்.
நிலவுக்கு ஒரு நீல பல்பு,
பத்தரைக்குத் தானே அணையும்.

ராதோவான் சுரங்கத்தை விட்ட வருஷம் அது.
இருபத்தோரு ஆண்டு கரியில் கிடந்தவன்
நிறம் பார்க்க உட்கார்ந்தான்.
நான் குறை சொல்லவில்லை,
மின்கட்டணம் வரும் நாள் தவிர.

அந்தப் பழுப்புப் பொத்தான்களை யாரும் வாங்கவில்லை.
பிர்னோவில் ஒருவர் தந்த பாறையில்
டிக்கெட் எடுக்காமல் ஏறி வந்தவை.
முதலில் மூன்று.
வசந்தத்துக்குள் பாறை
கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டது.
தொட்டால் வாய் மூடும். விட்டால் மலரும்.
"பாவம், இருக்கட்டும்" என்றது நான்தான்.
என் பங்கையும் எழுதிவிடுகிறேன்.

விலை கூடிய பவளத்தை அவை நெருக்கியபோது
பாறையை வெளியே எடுத்தான்.
பிரஷ்ஷால் தேய்த்தான். போகவில்லை.
சனிக்கிழமை. நான் உள்ளறையில்.
பார்த்திருந்தால் அந்தப் பானையைக் கொடுத்திருக்க மாட்டேன்,
ஞாயிறுகளில் மாவுருண்டை வேகும் பானை.
வெளியே மைனஸ் ஒன்பது.
சன்னல் எல்லாம் சாத்தி
கல்லைக் கொதிக்கவிட்டான்.

நாய்தான் முதலில் எழுந்துபோய்
செருப்புகளுக்கு நடுவில் வாந்தி எடுத்தது.
பிறகு என் நாக்கில் ஒரு காசு.
துப்பினேன். அங்கேயே இருந்தது.
தண்ணீர் குடித்தேன். தண்ணீரும் செம்பு.
குளிர்காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டோம்.
ஒரே மணி நேரத்தில் மூன்று பேருக்குமா,
நாயையும் சேர்த்து?
அந்தக் கேள்வி எனக்கு எட்டரைக்குத்தான் வந்தது.
அதற்குள் அவன்
நாற்காலியில் உட்கார்ந்தபடியே
ஆறு மாடி ஏறுகிறவன்போல் இரைத்துக்கொண்டிருந்தான்.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள்.
இது சுரங்க ஊர், வாயு என்றால் ஓடி வருவார்கள்.
மஞ்சள் மீட்டரை அறை அறையாக நீட்டினார்கள்.
அடுப்பு, பூஜ்யம்.
குளியலறை கீசர், பூஜ்யம்.
தொட்டிக்கு முன்னும் பூஜ்யம்.
ஒருவர் மட்டும் நின்று, கோமாளி மீனைப் பார்த்து,
"என் மகளுக்கும் ஆசை" என்றார்.
பானை மூடியை யாரும் திறக்கவில்லை.

"கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள்?"
டாக்டர் ஹவ்ரான்கோவா கேட்டாள்.
ரொட்டி.
"வேறு?"
அவன் ஆக்சிஜன் முகமூடியை ஒதுக்கி
"கல்லை வேகவைத்தேன்" என்றான்.
பேனா நின்றது.
பிதற்றல் என்றே எழுதியிருப்பாள்,
நான் செல்போனில் படத்தை நீட்டாவிட்டால்.
ப்ராகிலிருந்த நஞ்சு மருத்துவருக்குப் போன் போட்டாள்.
அந்தப் பக்கத்திலிருந்து முதல் கேள்வி,
"அந்த வீட்டில் இப்போது யாரும் இல்லையே?"

மாற்று மருந்து கிடையாதாம்.
மூச்சுக்குக் காற்று, நரம்புக்கு உப்புநீர், பிறகு காத்திருப்பு.
கொதிநீரில் பொத்தான் சாகும், நஞ்சு சாகாது.
ஆவியில் ஏறி வந்து
நம் நெஞ்சுக்கூட்டில் குடியேறும்.
பூமிக்கடியில் இருபத்தோரு ஆண்டு
இவனைத் தொடாத ஒன்று
சமையலறையில் வந்து தொட்டது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தான்.
பெர்டா வரவில்லை.

முகமூடி, கண்ணாடி, இரண்டடுக்குக் கையுறை.
சன்னல்களை அகலத் திறந்துவைத்து
அந்தப் பனியில் நாங்கள்
ப்ளீச்சால் சுவரைத் துடைத்தோம், கதவுப்பிடியைத் துடைத்தோம்,
அவள் படுத்த இடத்தை
அவன் மட்டும் இரண்டு முறை துடைத்தான்.
பொத்தான்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
ஒட்டிய இடத்தில் ஒட்டியிருக்கப் பார்த்தன,
அவ்வளவுதான்.

தொட்டி இருக்கிறது.
ஏன் என்று என் தங்கை கேட்கிறாள்.
மீன்கள் என்ன செய்தன, என்கிறேன்.
அவன் இப்போது நீருக்குள் கை விடும் முன்
என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு விடுகிறான்.

பானை பால்கனியில்.
ப்ளீச்சில் ஒரு நாள் முழுக்க ஊறியது, சுத்தம்தான்.
தூக்கிப் போடவும் கை வரவில்லை,
அடுப்பில் ஏற்றவும் வரவில்லை.
விளிம்புவரை பனி நிறைந்திருக்கிறது,
யாரோ மாவு அளந்து கொட்டியதுபோல.