பதினோராம் வரி

இருபத்திரண்டு வரிதான்.
படித்தவன் பார்த்தால் சிரிப்பான்.
இடப்பக்கம் பெயர்களை அப்படியே வை,
வலப்பக்கம் அதே பெயர்களைக் குலுக்கு,
பக்கத்தில் பக்கம் நிறுத்து,
ஆர் ஆருக்கு வாங்க வேண்டுமென்று
அவரவர் தொலைபேசிக்கு மட்டும் அனுப்பு.

தண்ணீர்க் கட்டணக் கந்தோர், உட்துறைமுக வீதி.
நத்தார் கொண்டாடுகிறவர் ஐந்து பேர்,
நத்தார்ப் பரிசுக்குப் பத்தொன்பது பேர்.
யன்னலுக்கு வெளியே
கடலும் வானமும் ஒரே ஈயநிறம்.
மோட்டார்சைக்கிள் கொட்டகைக்குள்
மூன்று புள்ளிமான்கள் மழைக்கு ஒதுங்கி நிற்கின்றன.
மின்சாரம் இரண்டு தரம் போய் வந்தது.

முதல் ஓட்டத்தில் இருபது பேர் வந்தார்கள்.
தேடினேன்.
கிண்ணியாவிலிருந்து வரும் ஜெஸீமா
ஆங்கில எழுத்தில் இரண்டு விதமாய் எழுதப்பட்டு
இரண்டு பேராய் இருந்தார்.
ஒரு ஜெஸீமா மற்ற ஜெஸீமாவுக்குப்
பரிசு வாங்க வேண்டுமாம்.
கணினிக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.
"இருக்கட்டும் தம்பி,
ரெண்டு சம்பளமும் போடச் சொல்லுங்கோ" என்றார்.

ஆளுக்கொரு விதி கொண்டுவந்தார்கள்.
போன முறை வந்த ஆள் திரும்ப வரக்கூடாது: ஒக்கர்ஸ்.
ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் போகக்கூடாது: காசாளர் தில்ருக்ஷி.
மனேச்சர் எனக்கு விழாமல் பார்த்துக்கொள்
என்று காதுக்குள் சொன்னவரின் பெயரை
இங்கே எழுத மாட்டேன்.
அதைத் தவிர எல்லாவற்றையும் சேர்த்தேன்.

ஒருவரும் கேட்காதது பதினோராம் வரி:
இடமும் வலமும் ஒரே பெயரென்றால்
திரும்பக் குலுக்கு.

போன வருடம் ஒரு பிஸ்கட் தகரம்,
அதற்குள் மடித்த துண்டுக் கடதாசிகள்.
யோகநாயகி அக்கா எடுத்தார், விரித்தார்,
மறுபடி நாலாய் மடித்துக்
கைப்பையின் சின்னச் சிப்புக்குள் வைத்தார்.
மூன்று நாள் கழித்து
மத்திய வீதிக் கடையொன்றில் பற்றரி வாங்க நின்றேன்.
அங்கே அவர் ஒரு நீலக் குடையை
விரித்தார், சுருக்கினார், இன்னொருக்கா விரித்தார்.
"பரிசுக்கு. வடிவாய்ச் சுற்றித் தாங்கோ."
ஆருக்கோ நல்ல யோகம் என்று நினைத்தபடி வந்துவிட்டேன்.

இருபத்துமூன்றாம் திகதி பின்னேரம்
அந்தக் குடை அவருடைய மேசையிலேயே வந்து இறங்கிற்று.
கடதாசி கிழியாமல் பிரித்தார்.
"ஐயோ, ஆரப்பா இது?"
எல்லோரும் கைதட்டினோம்.
நானும் தட்டினேன்.

ஒரு சொல் சொல்லியிருந்தால்
தகரத்தைத் திரும்பக் குலுக்கியிருப்போம்.
விளையாட்டைக் கெடுப்பானேன் என்று இருந்திருக்கலாம்.
அல்லது
உண்மையாகவே ஒரு குடை தேவைப்பட்டிருக்கலாம்.
வருடம் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டுதான்
பாலையூற்று பஸ்ஸுக்கு நடந்தார்.
கேட்க எனக்கு வாய் வரவில்லை.
வரி எழுதத்தான் வந்தது.

முடிவைத் திரையில் காட்டாதே என்றும் ஒன்று சேர்த்தேன்,
பார்த்துவிட்டால் என் கை சும்மா இராது.
ஓட்டினேன்.
எத்தனை தரம் குலுக்கிற்று என்று மட்டும் சொன்னது:
மூன்று.
முதல் இரண்டிலும்
ஆர் ஆர் தனக்கே விழுந்தார்களோ.

இன்று பிரிக்கிறார்கள்.
ஒக்கர்ஸ் வீட்டுக் கேக்கில் எறும்பு,
ஊதிவிட்டுச் சாப்பிடுகிறோம்.
மனேச்சருக்கு ஒரு சோடி காலுறை,
தந்தது காதுக்குள் பேசியவர்தான் என்று முகம் சொல்கிறது.
யோகநாயகி அக்காவுக்கு
மூன்றடுக்குச் சாப்பாட்டுப் பெட்டி.
மூடி வேறெதனுடையதோ,
முழங்கையால் அமத்தியும் பொருந்தவில்லை.
படியில் விழுந்த மினுக்கக் கடதாசியை
ஒரு மான் மெல்லுகிறது.

அவர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு முகமாய்ப் பார்க்கிறார்,
ஒக்கர்ஸை, ஜெஸீமாவை, காசாளரை, என்னை.
"ஆரப்பா இது?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை.
அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.