கடைசியாகப் பார்த்தது

பெயரை மாற்றியிருக்கிறேன்.
தெருவையும்.
அயனாவரம் என்று நான் சொன்னால்
அது அயனாவரம் இல்லை என்று கொள்ளவும்.

வியாழன் ஐந்து மணிக்கு வர வேண்டியவள்
வரவில்லை.
ஐந்து இருபதுக்குக் குமுதவல்லி
கதவைப் பாதி திறந்து உதட்டைப் பிதுக்கினாள்.
போன் ஸ்விட்ச் ஆஃப்.
வெளியே சுரங்கப்பாதையில்
தண்ணீர் ஏற ஆரம்பித்திருந்தது.

அதற்கு முந்தின வாரம் திரையில் வந்தாள்.
இரண்டு அறை வீடு, ஐந்து பேர்.
எங்கே போய் அழுவது என்பதற்கு
கணவனின் காருக்குள் உட்கார்ந்து
விடை கண்டிருந்தாள்.
கண்ணாடி ஏற்றி, ஏசி போடாமல்,
மூக்கு நுனியில் வியர்வை.
நடுவில் வாட்ச்மேன் வந்து தட்டினார்.
"ஆபீஸ் கால்ணா" என்றாள்.
அந்தப் பொய்க்குள் நானும் கொஞ்ச நேரம்
மேனேஜராக இருந்தேன்.

இரவு பதினொன்றே முக்கால்.
வாட்ஸப்பில் அவள் பெயருக்குக் கீழே
கடைசியாகப் பார்த்தது: அதிகாலை 3.12.
நாடி பிடிப்பதுபோல்
அந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

தேடல் பெட்டியில் அவள் பெயரை அடித்தேன்.
அழித்தேன்.
இன்ஷியலோடு அடித்தேன்.
கவலையால்தான் என்று இப்போதும் சொல்வேன்.
கவலை மட்டும்தான் என்றால்
அறைக்கதவை ஏன் சாத்தினேன்?

பூட்டில்லாத பக்கம்.
திருவான்மியூர் கடற்கரை, புதன் மாலை.
சுண்டல் பொட்டலம், மஞ்சள் சுடிதார்,
வாய் கொள்ளாத சிரிப்பு.
படம் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.
உயிரோடு இருக்கிறாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
அடுத்த படம், அதற்கடுத்தது,
தங்கை கல்யாணம்,
யாரோ ஒருவரின் தோளில் கை,
கட்டைவிரலால் இரண்டு வருடம்
கீழே இறங்கிவிட்டேன்.
ஒரு பழைய படத்தில் விரல் தவறி
இதயம் சிவந்தது.
உடனே எடுத்துவிட்டேன்.
என் கணக்கில் என் பெயர் இல்லை,
ஒரு பூனைப் படம்தான்.
ஆனாலும் அந்த இரண்டு விநாடி
அவள் போனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று
யாரைக் கேட்பது?

மறுநாள் ஜெபராணிக்கு அடித்தேன்.
அவளுக்கு வேறு தலைவலி.
ஒற்றை நட்சத்திரம் போட்டு
'காது கொடுத்தே கேட்க மாட்டார்' என்று
யாரோ எழுதியிருக்கிறார்.
"யாருன்னு தெரியும்டி. நாலு வருஷம் கேட்டேன்.
பதில் எழுதினா, வந்தார்னு ஊருக்கே சொன்ன மாதிரி."
பிறகு என் கதையைச் சொன்னேன்.
திட்டவில்லை. அதுதான் உறுத்தியது.
"ஃபைல்ல எழுதினியா?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த வியாழன் நேரில் வந்தாள். குடை சொட்டியது.
"ரெண்டு வாரமா படுக்கைய விட்டு எழவேயில்ல மேடம்."
என் கண்ணுக்குள் ஒரு மஞ்சள் சுடிதார்
சுண்டல் தின்றுகொண்டிருந்தது.

சிரித்தவள் பொய் சொல்லவில்லை.
படுத்தே கிடந்தவளும் சொல்லவில்லை.
பதினைந்து வருடமாக இதைத்தான்
வீட்டு மனிதர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன்.
அறையில் ஒரு பொய் இருந்தது,
என் நாற்காலியில்,
எதுவும் தெரியாதவளாய்த் தலையாட்டிக்கொண்டு.

சொல்லிவிட்டேன்.
தேடியதை, இறங்கியதை, கதவைச் சாத்தியதை.

கைப்பையிலிருந்து போனை எடுத்து
மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.
"அந்தப் பூனை நீங்கதானா?"
கோபமா, வேறேதாவதா,
குரலை வைத்துப் பிடிபடவில்லை.
குரலைப் பிடிப்பதுதான் என் பிழைப்பு.
நாற்பத்தோரு நிமிடம் மீதி இருந்தது.

ஃபைலில் எழுதிவிட்டேன்.
இங்கே எழுத
அவளிடம் இன்னும் கேட்கவில்லை.
அதனால்
அந்தச் சுடிதார்
மஞ்சள் இல்லை.